வேர்த்துப்போன குப்பி

அப்சானாவின் சிமெண்ட் துண்டு மறுபடியும் இரண்டாக உடைந்தது.

எலும்பு சிமெண்ட் அது. செயற்கை இடுப்பு மூட்டைத் தொடை எலும்பில் பிடித்து நிறுத்துவது. பொடியில் திரவம் ஊற்றிப் பிசைந்தால் சில நிமிடங்களில் கல்லாக இறுகும். ஆனால் ஆள் நடக்க நடக்க, வருடக்கணக்கில் அதில் விரிசல் விழும். அதைத் தடுக்கத்தான் அவள் சிர்கோனியா என்ற கடினமான பீங்கான் பொருளின் நானோ துகளைக் கலந்தாள். கலந்ததோ, ஒன்றும் கலக்காத சிமெண்டைவிடச் சீக்கிரம் உடைந்தது.

“இதை இடுப்புல வச்சா பரவை மார்க்கெட் வரைக்குங்கூட நடக்க முடியாது போலயே,” என்றான் அடுத்த மேசை சூரியபிரகாஷ்.

“உன் வாயில ஊத்துனா நல்லா ஒட்டும். ஊத்தவா?”

சொன்னாளே தவிர அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்ததைப் பார்த்த பேராசிரியர் பாண்டியராஜன் முடிவாகச் சொல்லிவிட்டார்: “இன்னும் ஒரே தடவைம்மா. அதுவும் போச்சுன்னா தலைப்பை மாத்திருவோம்.” முனைவர் பட்டத்துக்கான மூன்று வருட உழைப்பு.

மதியம் மறுபடி கலக்க உட்கார்ந்தாள். மதுரை வெயிலுக்கு, பிசைந்து முடிப்பதற்குள் சிமெண்ட் இறுகிவிடும். அதனால் பொடி, துகள், திரவம் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு திறந்து கலப்பதுதான் அந்த ஆய்வகத்தின் வழக்கம். துகள் குப்பியின் மேல் தேதி போட மார்க்கரை வைத்தாள். மை பிடிக்காமல் வழுக்கியது. குப்பி முழுக்க வேர்த்திருந்தது.

திறக்கப் போன கை நின்றது. திறந்தால் உள்ளே இருக்கும் குளிர்ந்த துகளும் இப்படித்தானே ஈரம் இழுக்கும்?

உடைந்த துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். விரிசல் தொடங்கிய இடத்திலெல்லாம் துகள் திரண்ட வெள்ளைத் திட்டு.

“சூரியா, ஓடி வா. இம்புட்டு நாளும் நாமளே தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.”

அவன் குனிந்து பார்த்தான். “அட ஆமா! ஈரம் பட்ட ரவை மாதிரியில்ல கட்டி தட்டிக் கெடக்கு.”

துகளை ஓவனில் உலர்த்தி, மூடியபடியே அறைச்சூட்டுக்கு வரவிட்டாள். திரவத்தை மட்டும் குளிர்வித்து, அதன் குப்பியை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்தாள். பிசைய நேரம் கிடைத்தது. ஐந்து துண்டுகள் வார்த்தாள்.

சோதனை இயந்திரம், மனிதன் நடப்பதுபோல, துண்டை அழுத்தி அழுத்தி விட்டது. சாதா சிமெண்ட் உடைகிற எண்ணிக்கை வந்தது, போனது. முதல் துண்டு அசையவில்லை. சூரியபிரகாஷ் விசிலடித்தான்.

“ஒண்ணு தாங்குனா குருட்டு அதிர்ஷ்டம்,” என்றார் பாண்டியராஜன். “அஞ்சும் தாங்கட்டும்.”

தாங்கின. அந்த வாரக் கடைசியில் ஐந்தாவது துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். எண்ணிக்கை சாதா சிமெண்டைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது.

“சார், அடுத்து மெஷின் எனக்கு,” என்றான் சூரியபிரகாஷ். “துண்டு உடைஞ்சாத்தான் இது தானா நிக்கும். இது உடையிற மாதிரி தெரியலையே!”

பாண்டியராஜன் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நாமதான் நிப்பாட்டணும். தலைப்பு உன்னோடதும்மா, நீயே நிப்பாட்டு.”

அப்சானா எழுந்து போய் சுவிட்சை அமுக்கினாள்.