சாம்பல் பெட்டை

நவம்பர் மாதத்தில் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்தது என் தவறு. கோடையில் மேலே மேய்ச்சல் வெளியில் அடித்தால் அது குடும்பம். குளிர் தொடங்கிய பிறகு ஊருக்குள் ஒரு முற்றத்தில் எழுந்தால் அது சாவு. எங்கள் பள்ளத்தாக்கில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் கொட்டகை ஒழுகிக் கூடாரக் கம்பளியெல்லாம் நனைந்து நாற்றமெடுத்திருந்தது. மூன்று நாள் நல்ல வெயில் என்று வானொலியில் சொன்னார்கள். விரித்துக் காயப்போடுவதைவிட அடித்தே காயவைத்தால் மரச்சட்டமும் காயும் என்று நினைத்தேன்.

நான் தனியாக இருப்பவன். மனைவி போய் நான்கு வருடமாகிறது. தம்பி கெனேஷ் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான். என்னோடு இருப்பது அலமாரி நிறையப் புத்தகங்களும் சினையாக இருக்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையும்தான். சில வாரங்கள் அவளைத் தவிர யாரிடமும் பேசாமல் போய்விடும். அவளும் அதிகம் பேசுபவள் அல்ல.

கூடாரத்தின் உச்சித் துணியைத் தள்ளிவிடுவதற்காக நீளமான கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். ஆற்றைத் தாண்டிக் குதிரையில் வந்துகொண்டிருந்த இமான்குல் பெரியவர் கூடாரத்தைப் பார்த்தார். எழுபத்தெட்டு வயது. அங்கேயே கடிவாளத்தைத் தளர்த்தி, சேணத்தில் ஆடி ஆடி, நெஞ்சு வெடிக்க அழ ஆரம்பித்தார். "ஐயோ என் ரத்தமே, என் முதுகெலும்பே, எங்கே போனே" என்று அலறிக்கொண்டே முற்றத்துக்குள் வந்தார்.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் அழுதுகொண்டு வரும்போது கூடார வாசலில் நிற்கும் ஆண் கம்பில் சாய்ந்து, குனிந்து, பதிலுக்கு அழ வேண்டும். ஏழு வயதிலிருந்து இதைச் செய்து வருகிறேன். கையில் கம்பு இருந்தது. நான் நின்றது வாசல். என்னையறியாமல் குனிந்தேன். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எவ்வளவு பெரியதாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். மனைவி இறந்த அன்றுகூட எனக்கு அப்படி வரவில்லை.

இரண்டு ஆண்கள் அழுவதைப் பார்த்தால் மூன்றாமவன் யோசிக்க மாட்டான். அரை மணி நேரத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். பெண்கள் நால்வர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். யார் இறந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம். தவிர, தம்பியின் உடல் மாஸ்கோவிலிருந்து பெட்டியில் வந்துகொண்டிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு வரும் சாவுகளில் பாதி அப்படித்தான் வருகின்றன.

பக்கத்து வீட்டு ஒஸ்மோன் பொறுப்பைக் கையில் எடுத்தான். அடுப்புக்கு ஆள், விறகுக்கு ஆள், குழி வெட்ட ஆறு பேர். பிறகு என் காதருகே வந்து, எவ்வளவு நீளம் வெட்டுவது என்று தாழ்ந்த குரலில் கேட்டான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் அளவுதானேண்ணே, ஒரே தாய் வயிறுதானே" என்று தானே சொல்லிக்கொண்டு போனான்.

அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. கொட்டகைக்குப் பின்னால் போய் எடுத்தேன். மறுமுனையில் கெனேஷ் அழுதுகொண்டிருந்தான்.

"யார் பேசறது?"

"நான்தான்."

அழுகை நின்றது. "அண்ணனா? நம்ம வீட்ல கூடாரம் போட்டிருக்குன்னு சொன்னாங்க. நீ இல்லையா? அப்ப யாரு?"

"நீதான்."

அவனுக்குப் பின்னால் ஏதோ ஓர் எந்திரம் கற்களை அரைத்துக்கொண்டிருந்தது.

"நெறைய பேர் வந்திருக்காங்களா?" என்று கேட்டான்.

வந்திருக்கிறார்கள் என்றேன்.

"இமான்குல் மாமா அழுதாரா?"

"அவர்தான் முதல்ல."

"நல்லா அழுதாரா?"

நன்றாக அழுதார் என்றேன். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இப்போதைக்குச் சொல்லிவிடாதே, பாவம், ஆசையாக வந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

நான் திரும்பி வந்தபோது சாம்பல் பெட்டை கட்டுத்தறியில் இல்லை. முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு பேருக்கு ஆடு போதாது, குதிரைதான் மரியாதை, இங்கே இருப்பது ஒரே குதிரைதான் என்று ஒஸ்மோன் சொல்லிக்கொண்டிருந்தான். சினை என்று யாரோ சொன்னபோது, கெனேஷுக்காகத்தானே என்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன. கெட்டவன் அல்ல.

கால்களைக் கட்டி மேற்கே பார்த்துச் சாய்த்தார்கள். அவள் கத்தவில்லை. தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்தாள், கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இருபது பேரின் கண்ணீருக்கு முன்னால் என் ஒரு வாக்கியம் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்றும் தெரிந்தது.

எல்லோரும் உள்ளங்கைகளை விரித்தார்கள். புதிதாக வந்திருந்த முல்லாவுக்கு வேறு பள்ளத்தாக்கு, எங்கள் கூச்சம் தெரியாது. பிரார்த்தனையைத் தொடங்கும் முன் என்னிடம் திரும்பி, "பேரு என்னங்க, போனவர் பேரு?" என்றார்.

"யாரும் போகல," என்றேன். "கம்பளியக் காய வெச்சேன்."

விரித்த கைகள் அப்படியே நின்றன. உள்ளே பெண்களின் ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அடங்கியது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒஸ்மோன் கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. "குழி வெட்டியாச்சேண்ணே," என்றான். வெட்டிய குழியை வெறுமனே மூடுவது ஆகாது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவ்வளவு தூரம் அழுதவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவதா என்று சிலர். எல்லோரும் இமான்குல் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"அழுதது அழுததுதான். திருப்பி உள்ள போட முடியுமா?" என்றார். "குழி யாரு அளவு?"

"அண்ணன் அளவு," என்றான் ஒஸ்மோன்.

"அப்ப சரியாப் போச்சு. இவன் போகும்போது நான் இருக்கப்போறதில்ல. இன்னிக்கு அழுதது இவனுக்குன்னு வெச்சுக்கலாம். குழிக்கு மேல பலகையப் போட்டு மூடுங்க. குதிரையும் இவனுக்குத்தான், அன்னிக்கு வெட்டிக்கலாம். அதுவரைக்கும் அவளைக் கட்டவிழுங்கடா."

ஒஸ்மோன் தன் வீட்டு ஆட்டைக் கொண்டுவந்தான். இறைச்சி பரிமாறும்போது என்னை எங்கே உட்காரவைப்பது என்று சின்னக் குழப்பம். விருந்தாளியா, வீட்டுக்காரனா, இறந்தவனா? கடைசியில் கதவருகே உட்கார்ந்தேன். யாருக்கு எந்த எலும்பு என்பது எங்களிடம் வரிசைப்படி. எனக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. சூப் மட்டும் கிடைத்தது.

ஏப்ரலில் பெட்டை குட்டி போட்டாள். அதுவும் சாம்பல். இப்போது காலையில் என் வேலியருகே யாராவது ஒருவர் வருகிறார். முதலில் அவளைப் பார்க்கிறார். விலாவில் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"உடம்பு எப்படிண்ணே?" என்று நேற்று ஒஸ்மோன் கேட்டான். அக்கறையோடுதான் கேட்டான்.

முன்பெல்லாம் தலையை மட்டும் அசைப்பேன். இப்போது அப்படி விட முடியாது. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்று, அவளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்கிறேன்.

"நல்லா இருக்கேன்."

அவள் தலையைத் தாழ்த்தி மறுபடியும் புல் மேய்கிறாள்.