நிற்காத ரோபோ

"வண்டி நிக்கவே இல்லக்கா" என்று சுவேதா பெருமையாகச் சொன்னதும் அம்ரீன் "நிக்கவே இல்லியா?" என்று திருப்பிக் கேட்டாள்.

சுவேதா பெண்ணாடத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் முதலாண்டு மாணவி. அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிவந்த அம்ரீன் அக்காவை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் மாணவர்களுக்கான ரோபோ போட்டி. பதினாறு அணிகள் வந்து, கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று சுவேதாவின் அணி, இன்னொன்று கடலூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் அம்ரீனின் அணி. எதிரணி என்கிற நினைப்பே இல்லாமல் அந்தப் பெண் அம்ரீனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"காலையிலேர்ந்து எங்க சின்ன போர்டு ரெண்டு வாட்டி ஹேங் ஆயிடுச்சுக்கா. சூடு ஜாஸ்தி போல. ஆனா வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. எல்லாம் உங்க புரோகிராமாலதான்!"

சின்ன போர்டு ஹேங் ஆனால் வண்டி நிற்க வேண்டும். நின்றே ஆக வேண்டும்.

இந்த ரோபோக்களுக்கு மூளை இரண்டு. பெரிய போர்டு சக்கரங்களையும் இரும்புக் கையையும் ஓட்டும். அதற்குக் கண் கிடையாது. உள்ளங்கை அகலமுள்ள சின்ன போர்டுதான் கேமரா வழியே பார்த்து, இடது போ, வலது போ, தூக்கு என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சின்ன போர்டின் வரைபடம், இரண்டையும் சேர்த்து ஓட்டும் புரோகிராம் எல்லாமே உலகத்துக்குப் பொது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. பணக்காரக் கல்லூரிகளோடு இந்த ஊர்ப் பிள்ளைகள் மோத முடிகிறது என்றால் அதனால்தான். சின்ன போர்டு நொடிக்குப் பத்து முறை 'இருக்கிறேன்' என்று பெரியதற்குக் குரல் கொடுக்கும். குரல் வராவிட்டால் பெரியது எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதற்காகப் புரோகிராமில் இருப்பது ஒரே ஒரு வரி.

அந்த வரியின் வாயை அடைத்தவள் அம்ரீன். இரண்டு மாதம் முன்பு கல்லூரிக்கு விருந்தினர்கள் வந்த நாள். சின்ன போர்டின் ஒயர் லூசாகி, ரோபோ இரண்டடிக்கு ஒருதரம் நின்று மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. சால்வை போர்த்திய பெரிய மனிதர்கள் லேப் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவசரத்தில் அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள் போட்டாள். போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. ரோபோ ஜம்மென்று ஓடியது. கைதட்டலான கைதட்டல். அந்தக் குஷியில் அன்று மாலையே தமிழில் விளக்கமெல்லாம் எழுதி மொத்தத்தையும் இணையத்தில் ஏற்றினாள். மறுவாரம் ஞாபகம் வந்து தங்கள் ரோபோவில் மட்டும் சாய்கோடுகளை எடுத்தாள். இணையத்தில் இருந்ததைச் சுத்தமாக மறந்தாள். ஊருக்கு நல்லது செய்கிற மிதப்பில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் ஞாபகம் வேலை செய்யும்.

"சுவேதா, உங்க டீம்ல டிரே வைக்கிறது யாரு?"

"நான்தாங்க்கா. உங்கள்ல?"

"நானும்தான்."

ரோபோ பால் டிரேக்களைத் தேடித் தூக்கி அடுக்க வேண்டும் என்பது போட்டி. பாதியில் ஒருவர் களத்துக்குள் போய், அதற்கு இரண்டடி முன்னால் குந்தி, புது டிரேக்களை வைத்துவிட்டு வரவேண்டும். ஆளைக் கேமரா கண்டதும் ரோபோ நிற்கும் என்ற நம்பிக்கையில் வைத்த விதி. கேமரா பார்க்கிற போர்டே ஹேங் ஆகிவிட்டால்? கடைசியாகக் காதில் விழுந்தது 'முன்னால் போ' என்றால் அது போய்க்கொண்டே இருக்கும். நாற்பது கிலோ இரும்பு.

சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் மைக்கில் பெண்ணாடம் அணியைக் கூப்பிட்டார்கள், சுவேதா "வாழ்த்து சொல்லுங்கக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள்.

அம்ரீன் தன் அணியின் மேசைக்கு விரைந்தாள். கேப்டன் அருள்முருகன் ரோபோவுக்கு முன்னால் உட்கார்ந்து சக்கரத்தின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். முதலாண்டிலிருந்தே ஒரே வகுப்பு.

"அருளு, அவுங்க வண்டில இருக்கறது நெட்ல நான் போட்ட புரோகிராம். அதுல நிறுத்தற வரி செத்துக் கிடக்குடா. நடுவர்கிட்ட சொல்லணும்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"இப்பவா?"

"பின்ன எப்ப? அந்தப் பொண்ணு கை போனப்புறமா?"

"சொன்னா எல்லா வண்டியையும் செக் பண்ணுவாங்க அம்ரீன். பைனல் முடிஞ்சிரட்டும். ஒரு வாட்டி கூட எதுவும் ஆகல இல்ல? இன்னிக்குன்னு பாத்தா ஆகப்போவுது?"

"நம்மளத செக் பண்ணா நமக்கென்ன பயம்?"

அவன் தங்கள் ரோபோவை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். குரலைத் தணித்து வேறொன்று சொன்னான்.

"நீயே எழுதியிருக்க. இதுக்கு எந்த உத்தரவாதமும் கெடையாது, எடுக்கறவங்க பொறுப்புன்னு. தமிழ்ல வேற எழுதின. ஒன்ன யாரு கேக்க முடியும்?"

எழுதியது உண்மைதான். எல்லாரும் எழுதுகிறார்கள், அவளும் எழுதினாள். அதை எழுதும்போது யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் தலையைச் சொறிவதைத்தான் நினைத்திருந்தாள். ஒரு பெண்ணின் விரல்களை நினைக்கவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அருள் சொல்வது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் அவளுக்கு இன்னும் பயமாகிப்போனது.

விசில் ஊதிவிட்டார்கள். பெண்ணாடத்து ரோபோ கரகரவென்று கிளம்பி முதல் டிரேயைத் தூக்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அம்ரீனுக்கு எதுவும் கேட்கவில்லை. ரோபோவின் முதுகில் சின்ன போர்டின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. மினுக்கினால் உயிரோடு இருக்கிறது. அதையே பார்த்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிறு கட்டிய ஓரம்வரை வந்துவிட்டாள். யா ரப்பே, யா ரப்பே என்று உதடு தானாக இறைவனைக் கூப்பிட்டது. இரண்டாவது டிரே. மூன்றாவது. விளக்கு ஒரு கணம் தயங்கி மறுபடி மினுக்கியபோது கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாதி நேர மணி அடித்தது. சுவேதா இரண்டு கையிலும் டிரேக்களோடு கயிற்றுக்கு மேல் காலைத் தூக்கி வைத்தாள்.

அம்ரீன் ஓடினாள். நடுவர் மேசையில் தட்டு அகலத்துக்குச் சிவப்பு பட்டன் இருந்தது. அழுத்தினால் களத்தில் ஓடும் ரோபோவுக்கு மின்சாரம் அறுந்துவிடும். அதில் நடுவரைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் அந்த அணி வெளியே. அவள் இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்தாள்.

ரோபோ அப்படியே நின்றது. அரங்கமும் நின்றது. பிறகு ஒரே கூச்சல்.

"ஏன்க்கா?" சுவேதாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "நாங்க ஜெயிச்சிடுவோம்னா?"

அம்ரீன் பட்டனிலிருந்து கைகளை எடுத்தாள். தலைமை நடுவர் அறிவுமதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க டீம் அவுட், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். அந்த வண்டிய மேல தூக்கி வச்சு, ஓடறப்ப சின்ன போர்டு ஒயர உருவிப் பாருங்க."

சந்தேகத்தோடுதான் செய்தார்கள். சக்கரம் தரையில் படாமல் ரோபோவை நான்கு டிரேக்கள்மேல் ஏற்றி வைத்து, ஓடவிட்டு, ஒயரை உருவினார்கள். பச்சை விளக்கு அணைந்தது. சக்கரங்கள் அதே வேகத்தில் சுற்றின. இரும்புக் கை முழு விசையோடு கீழே இறங்கி, மேலே போய், மறுபடி இறங்கியது. டிரே வைக்கிறவள் குந்துகிற இடம் அது. சுவேதா தன் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

அறிவுமதி மோட்டாரை அணைக்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார். "இத எத்தன பேரு எடுத்திருக்காங்க?"

"நெட்ல பாத்தா முப்பத்தெட்டுன்னு காட்டுது மேடம். சுவேதாவத் தவிர யாருன்னு எனக்குத் தெரியாது."

நடுவர் மைக்கை எடுத்தார். கடலூர் அம்ரீன் என்று பெயர் போட்ட புரோகிராமை எடுத்தவர்கள் கையைத் தூக்குங்கள், யாரையும் எதுவும் செய்யமாட்டோம் என்றார். சுவேதா முதலில் தூக்கினாள். மங்கலம்பேட்டை அணியிலிருந்து ஒரு கை. மேடைக்குப் பக்கத்தில் இன்னொன்று. பின்வரிசையில் இரண்டு. ஒவ்வொரு கையாக எழும்ப எழும்ப அம்ரீன் எண்ணிக்கொண்டே வந்தாள். இவ்வளவு பேரும் காலையிலிருந்து அதன் முன்னால் குந்தி எழுந்திருக்கிறார்கள். ஐந்து என்று எண்ணி, அவ்வளவுதான் என்று திரும்பியவள், தங்கள் மேசையைப் பார்த்தாள்.

அருள்முருகன் கையைத் தூக்கி நின்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. கிட்டே போனாள்.

"காலையில நீ பரங்கிப்பேட்டை வீட்லேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள நம்ம போர்டுல எல்லாம் அழிஞ்சு போச்சு" என்றான். "நெட்லேர்ந்து எறக்கிப் போட்டேன். ஓடிச்சு. நீ சொல்றவரைக்கும் எனக்குத் தெரியாது அம்ரீன், சத்தியமா."

"நான் சொன்னப்புறம்?"

அவன் கையை இறக்கவில்லை. யாரும் அவனைப் பார்க்கவுமில்லை, அம்ரீனைத் தவிர.

"பைனல் போயிடுமேன்னு பயந்துட்டேன். டிரே வைக்க ஒனக்குப் பதிலா நானே போயிடலாம்னு இருந்தேன்."

திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்து மூன்று சுற்றுகளில் மூன்று முறை அந்த இரும்புக் கைக்கு அடியில் குந்தி, டிரேயை ஒழுங்காக நேராக்கி, கேமராவின் கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு வந்தவள் அவள். ஒவ்வொரு முறையும் பயமே இல்லாமல் வந்தாள்.

அம்ரீன் ரோபோவிலிருந்து தள்ளித் தரையில் உட்கார்ந்து, போனில் அதே இணையப் பக்கத்தைத் திறந்து, முகம் தெரியாத மீதிப் பேருக்கு எழுத ஆரம்பித்தாள். முதல் வரியையே நான்கு முறை அழித்து எழுத வேண்டியிருந்தது: 'வண்டிக்கு முன்னால் போகாதீர்கள்.'