அப்பாவுக்கு இரண்டு புள்ளிகள்

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அங்கே அச்சாகும் மாத இதழில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. ‘அமெரிக்கச் செயலிகளைவிடச் சீனச் செயலிகளை நம்பலாமா?’ என்று தலைப்பைக் கொடுத்து என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் சொந்த அனுபவம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் வாக்கியம் இது: ‘நம் விவரங்கள் எந்த நாட்டுக்காரன் கையில் இருந்தால் என்ன, இரண்டு பேருமே அந்நியர்கள்தான், எனவே

எனவே என்ன என்று தெரியவில்லை. அதை அடித்துவிடாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு வருடமாக மறதி. அண்ணன் வீட்டில் இருந்தார். பகலில் அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால், நான் ஒரு கடிகாரம் வாங்கி அவர் கையில் கட்டிவிட்டேன். அது இருக்கும் இடத்தை என் போனில் ஒரு சீனச் செயலி புள்ளியாகக் காட்டும். அண்ணனுக்குச் சீனா என்றாலே ஆகாது. அவன் அப்பாவின் சட்டைப்பையில் ஒரு போனை வைத்து, அமெரிக்கச் செயலியில் தனியாகப் பார்த்துக்கொண்டான். இப்படியாக அப்பா இரண்டு வல்லரசுகளைச் சுமந்துகொண்டு நடமாடினார்.

[கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது வெட்கமாகவும் இருக்கிறது.]

3

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக்கு நடுவே என்னைக் கூப்பிட்டான்.

“அப்பா பஸ்ல போறார்டா. புள்ளி நகருது.”

“வீட்டுலதாண்ணா இருக்கார். என்னோடதுல அசையவே இல்ல.”

“உன்னோடது சீனாக்காரன் சொல்றது.”

“உன் அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியனா?”

“சரி விடு. நான் வண்டியை எடுத்துட்டுப் போய் அந்த பஸ்ஸைப் பார்த்துட்டு வரட்டுமா?”

முதல் பிரதியில் இந்தக் கேள்வியை நான் கேட்டதாகவும் அண்ணன் தடுத்ததாகவும் எழுதியிருந்தேன். கதைக்கு அதுவும் பொருந்தத்தான் செய்தது. ஆனால் கேட்டவன் அண்ணன்.

“வெட்டி அலைச்சல். வேலையைப் பாரு” என்றவன் நான்.

அதோடு விடவில்லை. யார் ஒட்டுக்கேட்கிறான், யார் திருடுகிறான் என்று பேசிப் பேசி அவனை மடக்கினேன். பத்து நிமிடம் என்று எழுதியிருந்தேன். இப்போது திருத்துகிறேன்: நாற்பது நிமிடம்.

4

மதியம் அண்ணி வந்து பார்த்தார். கடிகாரம் குளியலறை அலமாரியில் இருந்தது. அப்பா குளிக்கப் போகும்போது கழற்றி வைத்திருக்கிறார்.

போன் பஸ் டிப்போவில் கிடைத்தது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்களிடம் சொன்னார்: “பெரியவர் அவர் பையிலேர்ந்துதான் எடுத்துக் குடுத்தார் சார். யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க, மறக்காம டிப்போவுல ஒப்படைச்சிடுங்கன்னார். பதினொன்றரை வாக்குல எங்கேயோ இறங்கிட்டார். எந்த ஸ்டாப்னு கவனிக்கல.”

முப்பத்திரண்டு வருடம் அப்பா அப்படித்தான் செய்தார். பஸ்ஸில் கிடந்த எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

பதினொரு மணிக்கே அண்ணன் கிளம்பியிருந்தால்

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அப்பா தானாக வந்து கதவைத் தட்டுகிறார். எழுதும்போதே அழுதுவிட்டேன், கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. அதை எழுத மாட்டேன். இன்றோடு இருபத்தாறு நாள். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடிகாரமும் போனும் இப்போது அப்பாவின் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அண்ணி தினமும் இரண்டுக்கும் சார்ஜ் போடுகிறார்.

“எதுக்கு அண்ணி?” என்று நேற்று கேட்டேன்.

“அணைஞ்சிட்டா புள்ளியும் போயிடும்ல” என்றார்.

முடிவு எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரைக்கான பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் நான் என் செயலியைத் திறக்கிறேன். அண்ணன் அவனுடையதைத் திறக்கிறான். சீனாவும் அமெரிக்காவும் இப்போது ஒன்றையே சொல்கின்றன: அப்பா வீட்டில் இருக்கிறார்.