அரிசி டப்பாவில் ஒளிந்த மாத்திரை

மூனா மின்விசிறியை நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஐஸ் பையை ஜன்னல் வழியே வீசினாள். கீழே மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின.

“குளிர்ச்சி எலும்புல இறங்கிச்சுன்னா ஜென்மத்துக்கும் எழுந்திரிக்க மாட்டே. பேசாம கிட!”

கட்டிலில் கிடந்த ரொகியாவுக்கு இடுப்பு மூட்டை மாற்றி எட்டு நாள் ஆகிறது. ரொகியாவின் கணவன் டெராமானின் அக்காதான் மூனா. பிள்ளை பெற்றவர்களை நாற்பது நாள் காற்றும் குளிரும் அண்டாமல் ‘பந்தாங்’ என்னும் பிரசவப் பத்தியத்தில் வைப்பதில் அந்த மலாய்க் கிராமத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிரசவத்துக்குச் செய்வதை அப்படியே அறுவை சிகிச்சைக்கும் செய்தாள். அடுப்பில் சுட்ட கல்லைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்தாள். சோற்றுக்கு மிளகும் சுட்ட கருவாடும்தான். வலி மாத்திரையை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

“அக்கா, ஒரே ஒரு மாத்திரை. காலை அசைக்க முடியல.”

“போதை மருந்துடி அது! நான் ஏழு பெத்தவ. ஒரு தடவையாவது முனகியிருப்பேனா?”

இரண்டு நாளாக மூனா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டுதான் கத்துகிறாள். டெராமான் வாசற்படியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். அக்காவிடம் அவனுக்கு வாய் கிடையாது. பொண்டாட்டி வலியில் பல்லைக் கடிப்பது காதில் விழுந்தும் எழுந்திருக்காத ஆம்பளையை என்னவென்று சொல்வது!

மறுநாள் கிளினிக் நர்ஸ் யுஸ்னிதா வந்தாள். ரொகியாவின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தவள் முகம் மாறியது.

“வீங்கியிருக்கே! தினம் நடக்கச் சொன்னோமே?”

“வலி தாங்கலம்மா. எப்படி நடப்பேன்?”

“இப்படியே படுத்துக் கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது நெஞ்சுக்கு ஏறினா உசுரு போயிடும். இன்னைக்கே டாக்டர் பாக்கணும், வண்டிக்குச் சொல்றேன். மாத்திரை எங்கே?”

“நான்தான் குடுக்கல. ஒண்ணுகூடக் குடுக்கல!” என்றாள் மூனா, பெருமையாக. அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

யுஸ்னிதா அதைத் திருப்பிப் பார்த்தாள். “ஒண்ணுகூடக் குடுக்கலேன்னா, இதுல நாலு எங்கே போச்சு மக்சிக்?” மூத்த பெண்களை மலாயில் அழைக்கும் மரியாதையோடுதான் கேட்டாள்.

மூனாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. “பல்லு... உசுரு போற மாதிரி குத்துது.”

ரொகியா முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது, குரலில் இல்லை.

“ஒரு சொத்தைப் பல்லுக்கு உங்களுக்கு நாலு மாத்திரை. எலும்பை அறுத்து எடுத்த எனக்குப் புத்திமதி! இனிமே என் கட்டில் பக்கம் வராதீங்க.”

“உனக்கு நல்லதுக்குத்தானே...”

“வலியைக் குறைக்கிறதும் வைத்தியந்தான் மக்சிக்,” என்றாள் யுஸ்னிதா. “நேரத்துக்கு மாத்திரை குடுத்தாத்தான் அவங்க நடப்பாங்க. நடந்தாத்தான் பிழைப்பாங்க. உங்களுக்கும் சொல்றேன், அடுத்தவங்க மருந்தை எடுத்து முழுங்காதீங்க. பல் டாக்டர்கிட்ட போங்க.”

டெராமான் எழுந்து வந்தான். ரொகியாவின் இடுப்பருகே அக்கா வைத்திருந்த சுடுகல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தான். தண்ணீரும் மாத்திரையுமாகக் கட்டிலருகே வந்து நின்றவனை ரொகியா ஏறிட்டுப் பார்த்தாள்.

“இத்தனை நாள் நான் முனகறதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? அடுத்தவங்க வலியைப் பொறுத்துக்கிட்டு சும்மா இருக்கிறதுக்குப் பேரு பொறுமை இல்லைங்க, கொடுமை.”