பீரோவுக்குள் ரூட்டர்

பெரியப்பா முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரித்தவர். எரிந்த கடை, தொலைந்த நகை, உடைந்த கை எதுவானாலும் முதலில் நம்பக்கூடாது என்பது அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகு விசாரிக்க ஆள் இல்லாமல், வீட்டைச் சுற்றி நான்கு கேமரா மாட்டினார்.

நான் வீடுகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வேலை செய்யும்போது யாரும் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடிக்கும். வியாழக்கிழமை காலையில் பெரியப்பா போன் செய்தார். பின்வாசல் கேமரா தினமும் மதியம் அரைமணி நேரம் உறைந்துவிடுகிறதாம். மற்ற மூன்றும் ஒழுங்காக ஓடுகின்றனவாம். பக்கத்து வீட்டு விளையாட்டு வாத்தியார் ஏதோ கருவி வைத்து அலைவரிசையைக் கெடுக்கிறார் என்று முடிவுகட்டியிருந்தார். மறுநாள் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார். அதற்கு முன் நான் வந்து பார்த்து, ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு.

வாத்தியாருக்கும் அவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சு கிடையாது. கேமரா எங்கள் ஷெட்டைப் பார்க்கிறது என்று வாத்தியார் ஒருநாள் சொன்னார். பார்க்கவே இல்லை, பார்த்தால் அன்றைக்கே கழற்றி எறிகிறேன் என்று பெரியப்பா நடுத்தெருவில் நின்று சவால் விட்டார். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு சின்னக் கேட் உண்டு. அதை இனி யாரும் தாண்டக்கூடாது என்று அன்றைக்கே வீட்டில் உத்தரவு போட்டார்.

வாசலில் நின்று என் போனில் அங்கே கிடைக்கும் வைஃபை பெயர்களைப் பார்த்தேன். 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று ஒன்று. அது பெரியப்பா. 'கோட்டைத் தாண்டாதே' என்று இன்னொன்று. அது வாத்தியார். பேச்சு இல்லை என்று யார் சொன்னது?

"ரூட்டர் எங்க பெரியப்பா?" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். படுக்கையறையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். மேல்தட்டில், பட்டுத்துணிகளுக்கு நடுவில், ரூட்டர் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பீரோவின் முதுகில் துளை போட்டு ஒயர் இழுத்திருந்தார்.

"வர்ற திருடன் முதல்ல இதைத்தான் புடுங்குவான். அதான் உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

ரேடியோ அலை இரும்பைத் தாண்டாது. கதவிடுக்கிலும் அந்தத் துளையிலும் கசிந்தது மட்டுமே வீடெங்கும் பரவியிருக்கிறது. பின்வாசலுக்குப் போய்ச் சேரும்போது அதற்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. இதில் மூன்று கேமரா ஓடுவதே பெரிய விஷயம். ஆனால் தினமும் மதியம் மட்டும் ஏன் என்பதற்கு அது பதில் இல்லை.

கேமராக்களின் பாஸ்வேர்டைக் கேட்டேன். பெட்டியோடு வந்ததை மாற்றவில்லை என்றார். அதே கேமராவை வாங்கிய எல்லோருக்கும் அது தெரியும் என்றேன். கொஞ்சம் வெளிறினார். வைஃபை பாஸ்வேர்டு மட்டும் இருபத்தாறு எழுத்து. அதை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

"வீட்டுக்குள்ள இருக்கறவங்க மூலமாத்தான் எல்லாம் வெளிய போகும். இது என் அனுபவம்."

பெரியம்மா அப்போது கூடத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மேலே, வைஃபை பெயர் இருக்கும் இடத்தில், 'கோட்டைத் தாண்டாதே' என்று இருந்தது.

நான் பின்வாசல் கேமராவைப் பார்க்கப் போனேன்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா முன்னறையில் திரைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து, காற்றில் எந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் வரைபடத்தைப் போட்டேன். எல்லாம் அமைதியாக இருந்தது. திடீரென்று வரைபடம் மேலே எகிறியது. பின்வாசல் படம் ஒரு காக்கை பறக்கும் பாதியில் நின்றுபோனது.

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்" என்றார் பெரியப்பா.

அந்த இரைச்சலின் வடிவத்தை நான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. ஒரு பழைய மைக்ரோவேவ் உறுமிக்கொண்டிருந்தது. கதவின் ரப்பர் பல இடத்தில் பெயர்ந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய பீங்கான் பாத்திரம் நிறையத் தண்ணீர். குறைந்த சூடு, முப்பது நிமிடம். பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. பெரியம்மாவின் செருப்பைக் காணோம்.

மைக்ரோவேவும் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இயங்குபவை. கதவு சரியாக மூடாத பழைய பெட்டி பக்கத்தில் ஓடினால், ஏற்கெனவே சோர்ந்துபோயிருக்கும் கேமரா பேச்சை நிறுத்திவிடும். இதைப் பெரியம்மா எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார். பெரியப்பா புலம்பும் நேரத்தையும் தான் சுடவைக்கும் நேரத்தையும் பொருத்திப் பார்த்திருக்கிறார்.

பெட்டி மணியடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் பின்கதவு திறந்தது. பெரியம்மா முகமெல்லாம் வியர்வையோடு உள்ளே வந்தார். கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு, இனி மறைத்து என்ன என்பதுபோல் துண்டை எடுத்தார். டேபிள் டென்னிஸ் மட்டை.

கொதித்த தண்ணீரை வெளியே எடுத்துக் காபி கலந்தபடியே, தணிந்த குரலில் சொல்லி முடித்தார். வாத்தியார் ஷெட்டில் மேஜை இருக்கிறது. நான்கு மாதமாக வாத்தியாரம்மாவும் இவரும் ஜோடியாக ஆடுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்காக ஒரு மனமகிழ் மன்றம் நடத்தும் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் வாத்தியார் வீட்டு மேஜையில் ஆடியதற்காகவே குதிப்பார். பெரியம்மா போகாவிட்டால் ஜோடி இல்லாமல் வாத்தியாரம்மாவும் போக முடியாது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் ஜெயிச்சது சீட்டுக் குலுக்கல்ல ஒரு குக்கர் மட்டும்தான்டி" என்றார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த ரூட்டர் பீரோவுலயே இருக்கட்டும். அப்புறம் நீ கூரை மேல வெச்சாலும் சரி."

"அவர் நாளைக்குப் போலீசுக்குப் போறேங்கறார் பெரியம்மா."

"அதைத் தடுக்கத்தான் நீ படிச்சிருக்க."

நான் முன்னறைக்குத் திரும்பிப் பெரியப்பாவிடம் காபியைக் கொடுத்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும். அதனால் உண்மையைப் பாதியாக வெட்டிக்கொண்டேன். காரணம் பக்கத்து வீடு இல்லை, இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றேன்.

பெரியப்பாவின் கண் பளிச்சிட்டது. "உள்ளாளா?"

"மைக்ரோவேவ் பெரியப்பா."

அவருக்கு ஏமாற்றம்தான். மதியத்தில் அரைமணி நேரம் அப்படி என்ன சுடவைக்கிறாள் என்று கேட்டார். உங்கள் காபிக்கு வெந்நீர் என்றேன். அதுவும் உண்மை. அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரையும் நம்பாமல் இருந்த முகம் கொஞ்சம் இளகியது.

"ஒரு டம்ளர் தண்ணி காய அரைமணி நேரமா? பாவம், சொல்லவே இல்லையே."

பின்வாசல் கேமராவுக்கு வைஃபை வேண்டாம், நேரடியாகக் கேபிள் இழுத்துவிடலாம், ரூட்டரையும் வெளியே எடுக்கவேண்டும், எல்லாம் திங்கட்கிழமை செய்கிறேன் என்றேன். ஏன், இன்றைக்கே செய்யலாமே என்றார். கேபிள் வரவேண்டும் என்றேன். பையிலிருந்து எட்டிப் பார்த்த கேபிள் சுருளைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். காது சுட்டது.

போலீஸ் புகார் நின்றது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவின் இளகிய முகத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்லதாக ஒரு புது மைக்ரோவேவ் வாங்கி வந்தார். பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியம்மாவுக்கு முப்பது வருடத்தில் கணவர் கேட்காமல் வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அது. அவர் பூரித்துப் போய் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். நான் இன்னொரு வீட்டின் பரணில் தவழ்ந்துகொண்டிருந்தேன். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். புதுப் பெட்டியின் கதவு இறுக்கமாக மூடும், அலை அதிகம் கசியாது என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் பெரியப்பா போன் செய்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"படம் நிக்கல. பளிச்சுனு இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பின்கேட்டைத் திறந்துட்டு ஒருத்தி அந்தப் பக்கம் போறா."

"யாரு பெரியப்பா?"

"உங்க பெரியம்மா மாதிரி இருக்கு."

"மாதிரின்னா?"

"ஓடறா. அவ ஓடி நான் பாத்ததில்ல."

போனில் மெல்ல டொக், டொக் என்று ஒரு சத்தம். கேமராவின் மைக்கில் வந்து, அவர் வீட்டு ஸ்பீக்கரில் ஒலித்து, என் காதுக்கு வந்தது. பிறகு, ஷெட்டுக்குள் மேஜை போட்டு ஆடுகிறார்கள், அடேயப்பா என்ன வேகம் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"பெரியப்பா, அவங்க ஷெட் நம்ம கேமராவுல தெரியாதுன்னு சொன்னீங்களே?"

போன் துண்டிக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் பெரியம்மா எனக்குப் போன் செய்தார். புதுப் பெட்டி கைவிட்டுவிட்டது என்பது வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. திரையில் பின்வாசல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பெரியப்பா திட்டவில்லை, கேட்கவில்லை, காபியை வாங்கிக் குடித்தார். அதுதான் சரியில்லை, நாளைக்குக் காலையில் நீ வந்து உட்கார் என்றார் பெரியம்மா.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் இருந்தோம். பெரியப்பா செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா, சாயங்காலம் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்வரவேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். செய்தித்தாளில் ஒரு பக்கம் திரும்பியது. பிறகு அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இடது பக்கம் வர்ற பந்துக்கு லேட்டா திரும்பற."

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தப் பந்து?"

"பொதுவா சொன்னேன்."

"நான் ஆடினதை எங்க பாத்தீங்க?"

பெரியப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"இல்ல, அவங்க ஷெட்டு வரைக்கும் தெரியுதுன்னா சொல்லுங்க" என்றார் பெரியம்மா, ரொம்பப் பணிவாக. "கழட்டி எறியறேன்னு தெருவுல சொன்னீங்க. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நானே ஸ்டூல் எடுத்துட்டு வர்றேன்."

முப்பது வருட அனுபவம் செய்தித்தாளை மடித்துப் பிரித்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனால் சாட்சி சொன்னால் சாட்சிக்குத்தான் தண்டனை.

"நான் எதையும் பாக்கல" என்றார் கடைசியில். செய்தித்தாள் மறுபடி உயர்ந்தது. "ஆனா இடது பக்கம் பாத்துக்கோ. காலை முதல்ல நகத்து, அப்புறம் கை."

திங்கட்கிழமை நாற்காலிக்கு அடியில் கிடந்த கேபிளோடு வேலையை ஆரம்பித்தேன். புது மைக்ரோவேவின் மேல் ஒரு வெற்றிக் கோப்பை இருந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துண்டால் அதைத் துடைத்தார்.

ரூட்டரை பீரோவிலிருந்து விடுவித்துக் கூடத்துச் சுவரில் உயரமாக மாட்டினேன். மின்சாரம் போனாலும் ஓட ஒரு சின்ன பேட்டரி. கேமராக்களுக்குத் தனி நெட்வொர்க், புதுப் பாஸ்வேர்டு. பின்வாசலுக்குக் கேபிள். மைக்ரோவேவை ஓடவிட்டுப் பார்த்தோம். படம் உறையவில்லை. கடைசியாக, பின்வாசல் படத்தில் பக்கத்து வீட்டுப் பக்கத்தின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தேன். இனி அந்த இடம் தெரியவும் தெரியாது, பதிவாகவும் ஆகாது என்றேன். பெரியப்பா பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இழு" என்றார். "அந்தக் கேட்டும் மறையட்டும்."

"அந்த வழியா திருடன் வந்தா?"

"அங்க வாத்தியார் இருக்கார்ல, பாத்துப்பார்."

நான் இழுத்தேன். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரியம்மாவைக் கூப்பிட்டார். பாஸ்வேர்டு வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். வாழ்க்கையில் அவர் கொடுத்த பெரிய பரிசு எது என்று கேட்டால், மைக்ரோவேவ் இல்லை, இதைத்தான் சொல்வேன்.

"வேணாங்க" என்றார் பெரியம்மா. "எனக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து நல்லாவே வருது."

கிளம்பும்போது வாசலில் நின்று போனைப் பார்த்தேன். 'கோட்டைத் தாண்டாதே' காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில், நல்ல பலமான சிக்னலோடு, வாத்தியார் புதுப் பெயர் வைத்திருந்தார்: 'காலை முதல்ல, அப்புறம் கை.'