பதினேழு ஆஜர்

ஆறு கிலோமீட்டர் நடப்பேன் என்று நானேதான் பெயர் கொடுத்தேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பிப்ரவரியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் என் நடை சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில்தான் என்பது ஊரறிந்த விஷயம்.

காரணம் தாமரை. ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் மகளுக்கு இன்னும் பத்து நாளில் பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். அமுதவள்ளிக்கும் போக ஆசைதான், ஆனால் என்னைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. ராத்திரியில் நான் குறட்டையை நிறுத்தினால் பயந்து எழுந்து உட்காருகிற மனைவி அவள். நீங்களும் வாருங்கள் என்றாள். பிள்ளை பெற்றவள் வீட்டில் போய் இன்னொரு நோயாளியாகப் படுக்க நான் என்ன மானங்கெட்டவனா என்று பெரிதாகப் பேசினேன். போர்ட் கிள்ளான் துறைமுகத்துப் பழைய குடியிருப்புகளை நடந்து சுற்றிக் காட்டுகிறார்கள், முழுக்க நடந்து காட்டுகிறேன், அப்புறம் நிம்மதியாகப் பஸ் ஏறு என்றும் சொன்னேன். அவள் தன் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ட் கிள்ளான் ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு பேர் கூடினோம். வழிகாட்டி கிஷன் கழுத்தில் ஒலிபெருக்கி மாட்டியிருந்தார். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். அமுதவள்ளி பதினாறு, நான் பதினேழு, மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் காதர் பதினெட்டு.

முதல் அரை மணி நேரம் நான் சிங்கம். பழைய கிடங்குகள், துறைமுகத் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள், மரச்சன்னல் வைத்த கடைகள் என்று கிஷன் காட்டக் காட்ட, எல்லாம் முன்பே தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். பத்தரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த நடைக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. அமுதவள்ளி கிஷனுக்கு இணையாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள், நான் காதரோடு கடைசியில். நெஞ்சு வலியெல்லாம் இல்லை. வெறும் சோம்பேறித்தனம், அதற்கு டாக்டர்கள் இன்னும் ஸ்டென்ட் கண்டுபிடிக்கவில்லை.

பண்டமாரான் சாலைக்குத் திரும்பும்போது எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. நடை முடிவது பண்டமாரானில் ஒரு சாப்பாட்டுக் கடையில். கிராப் கார் பிடித்தால் பத்து நிமிடம். அடுத்த நிறுத்தத்தில் என் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடும்படி காதரைக் கெஞ்சினேன்.

"வேணாம்லா பரமு அண்ணே, அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் உரிப்பாங்க" என்றார்.

தெரிய வாய்ப்பே இல்லை என்று சமாதானம் சொன்னேன். நான் எங்கே இருக்கிறேன் என்பதை அமுதவள்ளியின் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தாமரை செய்து வைத்த ஏற்பாடு அது. புள்ளி திடீரென்று கார் வேகத்தில் பறந்தால் மாட்டிக்கொள்வேனே என்று, கார் வந்ததும் போனை அணைத்தேன். இந்த மூளையைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

கடையில் காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து இரண்டு இளநீர் குடித்தேன். ரொட்டி சானாயும் உள்ளே போனது. முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டம் வந்து சேர்ந்தது. அமுதவள்ளி இல்லை.

காதர் முகம் வெளிறியிருந்தது. அவர் குரலைக் கொஞ்சம் மாற்றிப் பதினேழு சொல்லியிருக்கிறார். கணக்குச் சரி என்றாராம் கிஷன். அது என் வீட்டுக்காரர் குரல் இல்லை என்று சொல்லிவிட்டு, அமுதவள்ளி என் போனுக்கு அடித்திருக்கிறாள். போன் அணைந்திருக்கிறது. காதர் கூட்டத்தை விலக்கி முன்னால் வருவதற்குள் அவள் வந்த வழியே திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் போன் ஓயாமல் பிஸி.

என் போனைத் திறந்தேன். பத்தொன்பது அழைப்புகள். அவளைக் கூப்பிட்டேன். பண்டமாரான் கடையில்தான் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்றதும் போனை வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஒரு கன்டெய்னர் லோரி கடை முன்னால் நின்றது. அமுதவள்ளி இறங்கினாள். முகம் சிவந்து, புடவைக் கரையெல்லாம் புழுதி. ஓட்டுநர் இளைஞர் அவளுக்குப் பின்னால் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், இவங்க ரோட்டோரம் ஒவ்வொரு லொங்காங்கா எட்டிப் பார்த்துக்கிட்டே நடந்தாங்க."

நான் சாக்கடையில் விழுந்து கிடப்பேன் என்று தேடியிருக்கிறாள். அந்த வெயிலில், நான் காற்றாடிக்குக் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். எனக்கு அசிங்கமாக இருந்தது. என்னை நானே ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது.

அவள் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "தாமரைகிட்ட சொல்லிட்டேன், நான் வரலைன்னு" என்றாள்.

நான் மகளைக் கூப்பிட்டேன். "அம்மா வருவாங்கம்மா. நானும் வரேன். ஓரமா ஒரு பாய் போட்டு வை."

அப்பாவுக்கு உடம்புக்கு என்ன என்று அவள் பதறினாள்.

"உடம்புக்கு ஒன்னும் இல்ல. என்னைத் தனியா விட முடியாது, அவ்வளவுதான்."

கடையில் இருபது பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அமுதவள்ளி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.