ஊசி முனையில் பிடிமண்

என் புருஷன் பிரம்மநாயகத்துக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று செம்பூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிற மனிதர். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்பதை ஒரு வாரமாக வாய் திறந்து சொல்லவில்லை. இப்போது வாயைத் திறந்துகொண்டு கிடந்தார், பேச்சுதான் இல்லை.

டாக்டர் சாதனா மாட்டுங்காத் தமிழ்ப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தத்தை பாட்டில்ல எடுத்து வளர விடுவோம் ஆன்ட்டி. வளர்ந்ததும் மெஷின் அந்தக் கிருமியோட ஜீனைப் படிச்சு, அது எது, எந்த மருந்துக்கு அடங்காதுன்னு ஒரு மணி நேரத்துல சொல்லிடும். பழைய டெஸ்ட்னா இன்னும் ரெண்டு நாள் ஆகும். இவருக்கு அவ்வளவு டைம் இல்லை."

அந்த மெஷின் மேல் எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்ததில்லை.

மெஷின் சொன்னது: மண்ணில் வாழும் கிருமி.

"வீட்ல தோட்டம் இருக்கா?" என்றார் டாக்டர்.

துளசித் தொட்டி வைக்கக்கூட எங்கள் வீட்டில் இடம் கிடையாது. "இல்ல" என்றேன்.

"மண்ணு சாப்பிடற பழக்கம்?"

"வடாபாவ்தான் திம்பாவ."

பின்னால் ஒரு சந்தோஷக் குரல் எழுந்தது. என் புருஷனின் அண்ணன் பூதத்தான், எனக்கு அத்தான் முறை. தாராவி இசக்கியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். சொந்த ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து பதித்து எழுப்பிய கோயில் அது. மிச்ச மண்ணைத் திருநீற்றோடு கலந்து, சுருக்குப் பையில் எப்போதும் இடுப்பில் வைத்திருப்பார்.

"மெஷினே அம்மையக் கண்டுபிடிச்சிட்டுல்லா! தம்பி ரத்தத்துல நம்ம ஊரு மண்ணுல்லா ஓடுது!"

சாயங்காலம் கமிட்டி மொத்தமும் மாலையோடு வந்து இறங்கியது. மெஷின் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று ஒருவர் விசாரித்தார். லேபுக்குள் விட மாட்டேன் என்று வாட்ச்மேன் சொன்னதால், கதவின் கைப்பிடிக்கு மாலையைப் போட்டார்கள். லேப்காரர்கள் பூ உதிராமல் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டார்கள்.

கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் மண்ணுக் கிருமி, இந்தத் தடவை இரண்டு பாட்டிலிலும். கமிட்டிப் பெண்கள் வராந்தாவில் குலவை போட்டார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது அவர் ரத்தத்துல இருக்கறது இல்லை. வெளியேர்ந்து கலக்கறது. இது வேகமா வளர்ந்து நிஜக் கிருமியை மறைச்சுடறது. தோலைத் துடைச்சப்புறம் யாராவது தொடறாளா?"

மூன்றாவது தடவை நான் கண்ணைச் சிமிட்டவில்லை. நர்ஸ் அம்மு இவர் கையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஊசியை எடுக்கத் திரும்பினாள். அத்தானின் கட்டைவிரல் சுருக்குப் பையிலிருந்து வெளியே வந்தது. துடைத்த இடத்திலேயே ஒரு சிட்டிகை, நெற்றிக்கு இடுவது போல அழுத்தி வைத்தார். பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அதுவரை அவர் முகம் பார்த்துப் பேசியதுகூட இல்லை நான்.

"விடு செண்பகம். ஊசிக்கு முன்னால அம்ம உள்ள போணும்லா. காவல் இல்லாம இரும்ப உள்ள விடலாமா?"

"முந்தின ரெண்டு தடவையும் நீங்கதானா?"

"பின்ன எவன் செய்வான்?" என்றார் பெருமையாக.

அந்த விரலை ஒடித்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் நான் கத்தினால் கமிட்டி உள்ளே வரும், பேச்சு வளரும், அதற்குள் என் புருஷன் உயிர் போய்விடும். கோபத்தை விழுங்கினேன்.

"அத்தான், ஊசி போடுதது இந்தப் பிள்ளைதான? இவ நெத்தில பூசுங்க. அம்ம இவ கைவழியா காவலுக்கு வந்துருவா."

யோசித்தார். சாஸ்திரத்தில் குற்றம் எதுவும் அகப்படவில்லை. அம்மு கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினாள். அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாதனாவும் யாரும் கேட்காமலே காட்டினார். இவர் கையைத் திரும்பத் துடைத்து, ரத்தம் எடுத்து முடிக்கும்வரை அத்தானின் இரண்டு கைகளையும் நான் விடவில்லை.

இந்தத் தடவை மெஷின் வேறு பெயர் சொன்னது. குடலில் இருக்க வேண்டிய கிருமி, மூத்திர வழியாக ரத்தத்துக்குள் ஏறியிருக்கிறது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அடங்காத வகை. அப்போதே மருந்தை மாற்றினார்கள். ராத்திரி காய்ச்சல் இறங்கியது. காலையில் கண்ணைத் திறந்து, கஞ்சி வேண்டும் என்றார். நான் அப்போதுதான் அழுதேன்.

அத்தான் டாக்டரை வழிமறித்தார். "மண்ணு எங்க? அம்ம எங்க போனா?"

"அது அவர் ரத்தத்துல இருக்கவே இல்லை. உங்க விரல்ல இருந்தது."

அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பம் அந்தக் கிருமிய இத்தன நாளும் ஒளிச்சு வச்சது நானா?"

அவரைக் கேட்க நான் நிறைய சேர்த்துவைத்திருந்தேன், எல்லாம் நல்ல நல்ல வார்த்தைகள். ஆனால் மாமனார் போன பிறகு என் புருஷனுக்குச் சோறு ஊட்டி வளர்த்த கை அது.

"அத்தான், அவிய கஞ்சி கேக்காவ. கையக் கழுவிட்டு வாங்க. நீங்களே ஊட்டுங்க."

எழுந்து போனார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஒரு விரலையே தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றார்.